சம்மதக் கடிதமும் அதிகாலை நான்கு மணியும்

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பின் 43ஆம் பிரிவு, பெண்களை மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் அவர்கள் சம்மதத்தோடு வேலைக்கு அமர்த்தலாம் என்கிறது. மற்ற தொழில்களுக்கு இது செய்தி. வார்டில் சிரிப்புதான் வரும். நைட் டியூட்டிக்குச் சம்மதமா என்று ஸ்டாஃப் நர்ஸிடம் இதுவரை யார் கேட்டார்கள்? ரோஸ்டரில் பெயர் விழுந்தால் போக வேண்டியதுதான்.

இரவில் வேலைக்கு வரும் பெண்களின் பாதுகாப்புக்கு வண்டி, வெளிச்சம், கேமரா எல்லாம் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்தப் பிரிவு பாதுகாப்போடு நிற்கவில்லை. வேலைநேரத்துக்கும் நிபந்தனை விதிக்க இடம் விட்டிருக்கிறது. விதி எழுதுகிறவர்கள் அந்த இடத்தை என்ன செய்யப்போகிறார்கள்?

உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கி, கண் திறந்திருந்தும் கவனம் நழுவுகிற நேரம் அதிகாலை நான்கு மணி. வார்டின் வேலை வந்து குவிவதும் அப்போதுதான். காலை ரவுண்ட்ஸுக்குள் ரிசல்ட் வேண்டுமென்று சாம்பிள் எடுக்க வேண்டும். யூரின் பேக்கை அளந்து இன்டேக்-அவுட்புட் கூட்ட வேண்டும். ஆறு மணி ஊசிகளைக் கலக்க வேண்டும். சர்க்கரை பார்த்து, ஸ்லைடிங் ஸ்கேல்படி இன்சுலின் போட வேண்டும். கையிலிருப்பது சிவப்பு மூடி சிரிஞ்சா, ஆரஞ்சு மூடியா? 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் இழுத்தால் டோஸ் இரண்டரை மடங்காகிவிடும். முதல் நைட்டுக்கு வந்தவர் முந்தைய நாள் காலை ஆறுக்கு எழுந்து, பகலில் கண்ணயராமலே வந்திருந்தால், அந்த மூடியைப் பார்க்கும்போது 22 மணி நேரம் விழித்திருக்கிறார்.

1997இல் டாசனும் ரீடும் ‘நேச்சர்’ இதழில் காட்டியது பலருக்கும் தெரியும்: 17 மணி நேர விழிப்பு, இரத்தத்தில் 0.05 சதவீத மதுவுக்கு ஒப்பான தடுமாற்றத்தைத் தருகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 0.03ஐத் தாண்டினாலே வழக்குப் போடுகிறது. ஆன் ரோஜர்ஸ் குழு 2004இல் 393 அமெரிக்கச் செவிலியரின் பணிக்குறிப்புகளை ஆராய்ந்தது. டியூட்டி பன்னிரண்டரை மணி நேரத்தை எட்டும்போது பிழைக்கான வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாதா? தெரியும். விமானிகளுக்காக அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வகுத்த விதிகளில் அதிகாலை 2 முதல் 6 வரை உடல் கடிகாரம் தாழும் நேரம் என்றே எழுதியிருக்கிறது. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கியது. இரவுத் தரையிறக்கத்தை இரண்டாகக் குறைத்தது. விமான நிறுவனங்கள் முரண்டு பிடித்தது வேறு கதை. விமானிக்கு உடல் கடிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்ட அதே அரசு, வென்டிலேட்டர் பக்கத்தில் நிற்பவருக்கு அது கிடையாது என்று நினைக்கிறதா?

இனி மெமோ. இந்த இதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சலித்துப்போன விஷயம். மருந்து மாறினால் மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது: ஆர்டரைச் சரிபார்த்தீரா, டபுள் செக் செய்தீரா, யாருக்குத் தெரிவித்தீர். தொடர்ச்சியாக எத்தனையாவது நைட், அதற்கு முன் எத்தனை மணி நேர ஓய்வு, ஒரே ஆளிடம் எத்தனை படுக்கை என்று ஒரு வரியும் இல்லை. ஆஃப்டர்நூன் முடிந்து இரவு எட்டரைக்குச் சார்ஜ் கொடுத்தவரை காலை ஏழுக்கு மார்னிங் வரச்சொன்ன ரோஸ்டருக்கு யாரும் மெமோ தருவதில்லை. விசாரணைக் குழுவுக்குத் தேவை ஒரு கையெழுத்து. அது நர்ஸுடையதாக இருந்தால் கோப்பு சீக்கிரம் மூடும். இப்போது சம்மதக் கடிதமும் சேர்ந்துகொண்டால், ‘நீங்களே விரும்பித்தானே வந்தீர்கள்’ என்று அடுத்த மெமோவில் ஒரு வரி கூடும். அந்த அச்சம் வீண் என்று அதிகாரிகள் எழுத்தில் சொல்லட்டும்.

பன்னாட்டுத் தொழிலமைப்பு 1977லேயே, செவிலியருக்கு இரண்டு டியூட்டிக்கு இடையே குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாநில விதிகளில் அந்த ஒரு வரி வரவேண்டும். ரோஸ்டர் மார்னிங், ஆஃப்டர்நூன், நைட் என்று முன்னோக்கிச் சுழல வேண்டும். அவசரமில்லாத இரத்தச் சாம்பிளை ஆறு மணிக்கு மேல் தள்ள எந்தச் சட்டமும் தேவையில்லை. கண்காணிப்பாளரும் யூனிட் சீஃபும் பேசினால் அடுத்த வாரமே நடக்கும்.