பெரும்பாடும் கையெழுத்தும்

பெண்ணுக்கு அளவுக்கு மீறிப் போகும் உதிரத்தைப் 'பெரும்பாடு' என்று அழைத்தது பழைய தமிழ் மருத்துவம். நோயின் பெயருக்குள்ளேயே அதைப் படுகிறவளையும் வைத்திருக்கும் சொல் அது. ஆனால் நம் வீடுகள் அந்தச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு பாடம்: பாடு என்றால் பெண் படத்தான் வேண்டும், பட்டதை வெளியே சொல்லக் கூடாது.

இந்தப் பாடம் ஆளைக் கொல்லும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் அதைப் பார்க்க வேண்டியது மருத்துவர். அப்படி உதிரம் காணும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் மாதவிலக்கு நின்றபின் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் பெண்களில், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு இந்த உதிரம்தான் அறிகுறியாக வந்து நிற்கிறது. மார்பகத்தில் கட்டியைத் தடவித் தேட வேண்டியிருக்கிறது. கருப்பை வாய்க்குப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது. கருப்பை உட்சுவர் தானாகவே வாய்திறந்து சொல்லிவிடுகிறது. ஆரம்பத்திலேயே அறுவை செய்தால் பெரும்பாலோர் குணமடையக்கூடிய நோய் இது. சொன்னதைக் கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது. வளவு வீட்டு ஆச்சியாக இருக்கலாம். அந்த வீட்டில் அடுப்படி வேலை பார்ப்பவராக இருக்கலாம். ஆத்தங்குடியில் பூக்கல் பதிக்கிறவராக, நூறு நாள் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். 'தூரம்' நின்று எட்டு வருடம் ஆன பிறகு மறுபடி துணியில் கறை. கொப்புடையம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டால் "இன்னைக்கு வேணாம், முட்டி வலிக்குது" என்பார். பேரன் பேத்தி எடுத்த வயதில் இதை மகனிடம் எப்படிச் சொல்வது? மருமகளிடம் சொன்னால் தீட்டுப் பேச்சு வரும். ஆக, உடம்பு பேசிவிட்டது. கேட்கத்தான் யாரும் இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று அப்படியே போகிறது.

ஆச்சிக்கும் அடுப்படிப் பெண்ணுக்கும் வெட்கம் ஒன்றுதான். பிறகு வரும் பாதை ஒன்றல்ல. ஒருவரை மதுரைக்கோ சென்னைக்கோ காரில் அழைத்துப்போக ஆள் உண்டு. இன்னொருவருக்கு ஒரு நாள் கூலியை விட்டால்தான் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கவே முடியும்.

இனி அறிவியல் பக்கம் போவோம். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஒரே நோயல்ல, மரபணு அமைப்பின்படி நான்கு வகை என்று 2013-இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. 2023 மார்ச்சில் இரண்டு மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளியாயின. முற்றிய நிலையிலோ திரும்ப வந்த நிலையிலோ இருந்த பெண்களுக்கு, வழக்கமான கீமோதெரபியோடு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அவை. மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் பழுதான வகையினரில், ஒரு ஆய்வின்படி, 24 மாதம் கழித்தும் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் புது மருந்து பெற்ற பக்கம் 61 சதவீதம். பெறாத பக்கம் 16 சதவீதம். இந்த நோயின் சிகிச்சை வரலாற்றில் இப்படி ஓர் இடைவெளி அபூர்வம்.

அந்த இரண்டில் ஒன்று 816 பெண்களைச் சேர்த்தது. சேர்த்த நாடுகள் அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கொரியா. இந்தியா இல்லை.

"இந்நோய் உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்" என்றுதான் இத்தகைய ஆய்வுகளின் அறிவிப்புகள் சொல்கின்றன. கதவு திறந்திருக்கிறது, உண்மைதான். அந்தக் கதவுவரை பாதை போட்டது யார்? இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கென்று 2007-இல் தொடங்கிய தேசியப் பதிவேடு இருக்கிறது. 2009 முதல் அதில் பதிவது கட்டாயம். வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுவும் மருத்துவர்களின் ஆங்கிலத்தில். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சென்னை 400-க்கும் மேல். ஓர் ஆய்வில் சேர்ந்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கலாம். உடன் ஓர் ஆள் வர வேண்டும். இருவர் கூலியும் போகும். உடல் பருமனும் சர்க்கரையும் இந்த நோயோடு கூடவே நடப்பவை. கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் பல ஆய்வுகள் ஆளைச் சேர்ப்பதில்லை. யாருக்கு நோய் அதிகம் வருகிறதோ அவளையே வாசலில் நிறுத்தும் விதி அது.

காரைக்குடிக்கு ஆய்வு என்ற சொல் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. உலோகம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று எழுபது ஆண்டுகளாக இந்த ஊர் ஆராய்கிறது. இந்த ஊர்ப் பெண்ணின் கருப்பை மட்டும் ஆய்வு நடக்கும் இடத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பெண்களை ஆய்வு தேடி வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஆய்வு ஒன்று தொடங்கியது. ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரை இருந்த 49,311 பெண்களுக்குப் பரிசோதனை வாய்ப்பு. வினிகரில் உள்ள அதே அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, வெளுக்கிறதா என்று செவிலியர் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை அது. மீதிப் பாதியில் 30,958 பெண்கள். அவர்களுக்கு 'வழக்கமான கவனிப்பு'. கிராமத்தில் வழக்கமான கவனிப்பு என்றால் பரிசோதனை எதுவும் இல்லை என்று அர்த்தம்.

ஏழு ஆண்டுக் கணக்கு 2007-இல் 'லான்செட்' இதழில் வந்தது. பரிசோதனை கிடைத்த பக்கம் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. கிடைக்காத பக்கத்தில் இந்நோயால் இறந்தவர்கள் 92 பேர். அந்த 92 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சிலர் பிழைத்திருப்பார்கள் என்று அந்த ஆய்வே சொல்கிறது. மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதே போல் நடந்த ஆய்வுகளையும் சேர்த்து, பரிசோதனை தரப்படாத குழுக்களில் குறைந்தது 254 பெண்கள் இறந்தார்கள் என்று 2014-இல் இந்திய மருத்துவ நெறிமுறை இதழில் வந்த விமர்சனக் கட்டுரை கணக்குச் சொன்னது.

ஆய்வாளர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. இந்தியாவில் அப்போது எவளுக்கும் பரிசோதனை இல்லை. இல்லாததை நாங்கள் பறிக்கவில்லை. ஒப்பிட ஒரு குழு இல்லாமல் பலனை நிரூபிக்க முடியாது. நிரூபித்தால்தான் அரசு செய்யும். இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அந்த ஆய்வு உண்மையிலேயே பயன்தரும் ஓர் அறிவைத் தந்தது. ஆனால் அந்த வாதத்தின் அடியில் கிடப்பதைப் பாருங்கள். கவனிப்பு இல்லை என்பது மழை பொய்த்ததுபோல் இயற்கையாக வந்த நிலையா? பணம் ஒதுக்காமல் விட்டவர்கள் உண்டு. அந்த ஒதுக்காமையையே ஆய்வின் ஒரு கையாக மாற்றியபோது, வறுமை ஒரு வசதியாகிவிட்டது. நாம் ஏழைகளாக இருந்தது அறிவியலுக்குப் பயன்பட்டது.

சரி, நிரூபித்தாயிற்று. அரசு செய்ததா? தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் நடத்தி, பிறகு மாநிலம் முழுக்கத் திட்டத்தை விரித்தது தமிழ்நாடு. மற்ற மாநிலங்களைவிட மேல்தான். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30-49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9. திண்டுக்கல் பெண்கள் உயிரைக் கொடுத்து நிறுவிய உண்மை, பத்துப் பெண்களில் ஒருத்தியிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

செட்டிநாட்டார் ரங்கூனிலும் சைகோனிலும் கடை வைத்திருந்த காலத்தில் ஐந்தொகை போடாமல் கணக்கை முடித்ததில்லை. யார் போட்ட முதல், யாருக்குப் போன லாபம் என்று ஒரு காசு விடாமல் அதில் நிற்கும். பெண் உடம்பை முதலாகப் போட்ட ஆய்வுகளுக்கு அப்படி ஓர் ஐந்தொகை போட்டது யார்?

கையெழுத்துக்கு வருவோம். 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில், விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசிக்கும் அந்த இறப்புகளுக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. தடுப்பூசி நல்லது, நம் பெண் பிள்ளைகளுக்கு அவசியமானது. ஆனால் நல்ல ஊசி என்பதற்காகக் காப்பாளர் கையெழுத்து நல்ல கையெழுத்தாகிவிடாது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

நம் வீடுகளில் அந்தக் காப்பாளருக்கு வேறு பெயர்: புருஷன், மகன், மருமகன். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர், என்கிட்ட சொல்லுங்க" என்று பாசத்தோடுதான் சொல்கிறார்கள். மருத்துவரும் முகத்தைத் திருப்பி மகனிடம் பேசுகிறார். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணின் ஒப்புதலுக்கு அவள் கையெழுத்தே போதும். எழுதத் தெரியாவிட்டால் சாட்சி முன் கைநாட்டு. அவளுக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சில ஆய்வுகளில் ஒப்புதல் பெறுவதைக் காணொளியாகப் பதியவும் வேண்டும். அவள் தலையாட்டுவது படத்தில் விழும். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் மகன் விழமாட்டான்.

ஆகவே "நாங்கள் என்ன சோதனை எலிகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோக எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கேள்வி பாதி உண்மை. மறுபாதி, ஆய்விலிருந்து பெண்ணை விலக்கிவைத்த வரலாறு. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், பிள்ளை பெறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக்கட்ட மருந்து ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்றது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். 1993-இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதுவரை ஆணுடம்பில் அளந்த மருந்தைப் பெண்ணுடம்பு விழுங்கியது. வெளியே நிறுத்தினாலும் உள்ளே இழுத்தாலும் அவளைக் கேட்கவில்லை.

நம் பக்கத்து ஊர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் உருவானது. துக்கத்தை நிறுவனமாக்கிய பெண் நமக்கு முன்னோடியாக இருக்கும்போது, ஆய்வைக் கண்டு ஒதுங்குவது நம் அரசியலாக இருக்க முடியாது. நிபந்தனை போடுவதே நம் அரசியல்.

போட வேண்டிய நிபந்தனைகள் இவை. ஆய்வுப் பதிவேடு தமிழில் வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் என்று உறுதியான எந்தப் பெண்ணுக்கும் அது எந்த வகை என்று காட்டும் புரதச் சோதனை அரசுக் காப்பீட்டில் கிடைக்க வேண்டும். வகை தெரியாதவளுக்கு ஆய்வும் இல்லை, புது மருந்தும் இல்லை. பயணச் செலவோடு அவள் கூலியையும், உடன் வருபவரின் கூலியையும் ஆய்வை நடத்துபவர் தர வேண்டும். ஆய்வு முடிந்தபின் பலன் தந்த மருந்தை இலவசமாகத் தொடர்ந்து தர 2019-ஆம் ஆண்டின் விதிகள் வழி வைத்திருக்கின்றன. அந்த வழி மருத்துவரின் பரிந்துரையையும் குழுவின் அனுமதியையும் நம்பி நிற்காமல் உரிமையாக வேண்டும். நெறிமுறைக் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு பொதுமக்கள் பிரதிநிதியும் கட்டாயம் என்கின்றன அதே விதிகள். அந்தப் பெண் மருத்துவராகவும், பொதுமக்கள் பிரதிநிதி ஓய்வுபெற்ற ஆண் அதிகாரியாகவும் இருந்தால் விதி நிறைவேறிவிடும். நம் குரல் அங்கே வராது. நோயைக் கடந்து வந்த பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது அம்மாவிடம், அப்பத்தாவிடம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் நேராகக் கேளுங்கள்: "தூரம் நின்னப்புறம் எப்பவாவது பட்டுச்சா?" பட்டது என்றால் மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேசினால், "அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று சொல்லுங்கள். காகிதம் எதுவும் நீட்டினால் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். மூன்று கேள்விகளை அவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்: இதில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? சேர்ந்தால் எந்தப் பக்கம் விழுவேன் என்று யார் முடிவு செய்வது? முடிந்த பிறகு மருந்து யார் தருவார்கள்? பதில் வந்தபிறகு பேனாவை அவர் கையில் கொடுங்கள். போடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.