மெயில் அனுப்பியாச்சு... ஆனா போய்ச் சேரலையா? எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கலாம்!

"அண்ணாச்சி, நான் அன்னைக்கே அனுப்பிட்டேன். அவங்க வரலைங்காவ!"

பிரௌசிங் சென்டர் நடத்துபவர்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. கூடங்குளம் பகுதியில் இதற்குக் கனம் கொஞ்சம் அதிகம். அணுமின் நிலையத்தில் 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் ஓடுகின்றன. அடுத்தடுத்த உலைகளுக்கான வேலையும் நடக்கிறது. ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் ராதாபுரம், விஜயாபதி, செட்டிகுளம் என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஒப்பந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். பொதுத்துறை வேலை அறிவிப்புகளில், 'தேர்வு முடியும்வரை இமெயில் முகவரி இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்' என்ற வரி வழக்கமாக இருக்கும். யாரும் கவனிக்காத வரி. ஹால் டிக்கெட், நேர்முகத் தேர்வு தேதி எல்லாம் மெயிலில்தான் வரும். ஒரு கடிதம் தவறினால் ஒரு வருடக் காத்திருப்பு வீண்.

சிக்கல் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது, அதே மெயிலை இன்னும் நான்கு முறை அனுப்புவது. அது தீர்வல்ல. முதல் மெயில் எங்கே நின்றது என்று தெரியாமல் ஐந்தாவதை அனுப்பினால், அதுவும் அங்கேயேதான் போய் நிற்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'சென்ட்' ஃபோல்டரில் மெயில் இருக்கிறது என்றால், அது நம் கையைவிட்டுப் போய்விட்டது என்று மட்டுமே அர்த்தம். தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டதற்குச் சமம். வாட்ஸ்அப்பின் இரண்டு டிக் மாதிரியான உறுதி இதில் கிடையாது. 'அவுட்பாக்ஸ்' ஃபோல்டரில் இருந்தாலோ, 'க்யூடு' என்று காட்டினாலோ, அது இன்னும் போனை விட்டே கிளம்பவில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய், பேட்டரி சேவரை அணைத்து, ஆப்பைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

கிளம்பிய மெயில் திரும்பி வந்தால், அது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளலாம். 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று வரும். பார்த்தவுடன் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுபவர்கள் உண்டு. அழிக்க வேண்டாம். கடிதம் ஏன் திரும்பியது என்று தபால்காரர் உறைமேல் எழுதித் தருவாரே, அந்தக் குறிப்புதான் இது. அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். எண் 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பிய சர்வரே விட்டு விட்டு மறுபடி முயலும். நான்கைந்து நாள் வரை முயல வேண்டும் என்பது இமெயில் விதிமுறைகளில் உள்ள பரிந்துரை. எனவே காத்திருக்கலாம். எண் 5-ல் தொடங்கினால் கதவு மூடிவிட்டது, காத்திருந்து பயனில்லை. 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரி இல்லை, அல்லது அந்த சர்வர் ஏற்க மறுக்கிறது. 552 என்றால் பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது, அல்லது ஃபைல் பெரிது.

இதிலும் விதிவிலக்கு உண்டு. 2020 டிசம்பரில் கூகுள் சர்வர்களில் கோளாறு ஏற்பட்டபோது, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஜிமெயில் முகவரிகளுக்குப் போன கடிதங்கள்கூட, 'இப்படி ஒரு முகவரியே இல்லை' என்று 550 எண்ணோடு திரும்பின. அப்படி ஒரு நாள் அபூர்வம். மற்ற நாள்களில் தவறு நம் எழுத்துகளில்தான்.

உதாரணத்துக்கு, ஜிமெயில் முகவரியில் அண்டர்ஸ்கோர் வராது. ஜிமெயில் அதை அனுமதிப்பதே இல்லை. யாராவது போனில் 'பெயர், அண்டர்ஸ்கோர், அட் ஜிமெயில்' என்று முகவரி சொன்னால் அது தவறான முகவரி. புள்ளி விஷயம் நேர்மாறு. ஜிமெயில் பெயரில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஆனால், நிறுவனங்களின் சொந்த முகவரிகளில் புள்ளி விட்டுப்போனால் கடிதம் சேராமல் போகலாம். பூஜ்யத்துக்கும் ஆங்கில 'ஓ'வுக்கும், ஒன்றுக்கும் சிறிய 'எல்'லுக்கும் உள்ள குழப்பம் தனி. விளம்பரத்தின் போட்டோவைப் பார்த்து டைப் செய்யும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

அடுத்து அட்டாச்மென்ட். ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் இணைக்க முடியும். அதைத் தாண்டினால் டிரைவ் லிங்க்காக மாறிவிடும். அந்த லிங்க்கைத் திறக்கும் அனுமதியைக் கொடுக்க மறந்தால், எதிர்முனையில் இருப்பவர் பார்ப்பது பூட்டிய கதவை. ஃபைல் சின்னதாக இருக்கிறதே என்றும் இருந்துவிட முடியாது. மெயிலில் பயணம் செய்வதற்காக ஃபைல் வேறு வடிவத்துக்கு மாற்றப்படும்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். பெறும் அலுவலகம் 10 எம்.பி. வரைதான் ஏற்கும் என்றால், 8 எம்.பி. ஃபைல் போகிற வழியில் பத்தைத் தாண்டி, வாசலிலேயே நின்றுவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை கலரில், அதிகபட்ச தரத்தில் ஸ்கேன் செய்வதால் வரும் வினை. பிளாக் அண்ட் வொயிட்டில், எழுத்து தெளிவாகத் தெரியும் அளவில் ஒரே பி.டி.எஃப். ஆக்கினால் எல்லாமே 2 எம்.பி.க்குள் அடங்கும்.

அனுப்புவதைவிட, வராமல் போவதுதான் ஆபத்து. நமக்குக் கடிதம் வந்திருக்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது.

இதில் முதல் சந்தேகம் ஸ்டோரேஜ் மேல்தான் விழ வேண்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. இது மெயிலுக்கு மட்டுமல்ல, டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் முதல் தேதிவரை குறைந்த தரத்தில் ஏற்றிய போட்டோக்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதற்குப் பிறகு ஏற்றியவை எல்லாம் சேரும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இந்தக் கணக்கில்தான். கொடை விழா வீடியோ, தங்கச்சி கல்யாண போட்டோ, குடும்ப குரூப்பில் தினமும் வந்து குவியும் காலை வணக்கம் என எல்லாம் சேர்ந்து 15 ஜி.பி. நிரம்பியதும் மெயில் பெட்டியின் கதவு சாத்தப்படும். அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. இன்டர்வியூ கடிதம் வாசல்வரை வந்து, அனுப்பியவரிடமே திரும்பிப்போகும். அவருக்கு அது தெரியும், விண்ணப்பதாரருக்குத் தெரியாது. சொல்லப்போனால், வேலைக்கான மெயிலையும் வீட்டு போட்டோவையும் ஒரே கணக்கில் வைப்பதே தப்பு. வேலைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் முகவரி இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

நிரம்பிவிட்டால், கூகுள் கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போனால் எது அதிக இடத்தை அடைத்திருக்கிறது என்று காட்டும். பெரிய வீடியோக்கள், பெரிய அட்டாச்மென்ட்கள் என்று வரிசையாகவே தரும். வேண்டியவற்றைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு அழிக்கலாம். அழித்தவை 'ட்ராஷ்' ஃபோல்டரில் இருக்கும்வரை இடம் காலியாகாது, அதையும் காலி செய்ய வேண்டும்.

இரண்டாவது சந்தேகம், ஸ்பேம். ஜிமெயிலின் தேடல் கட்டத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, 'ஒன்றும் வரவில்லை' என்று முடிவுகட்டுபவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அந்தத் தேடல் வழக்கமாக ஸ்பேம், ட்ராஷ் இரண்டிலும் தேடாது. ஃபோல்டரைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் 30 நாள்களுக்குள். அதன் பிறகு ஸ்பேம் தானாக அழிந்துவிடும். கடிதம் அங்கே இருந்தால் 'நாட் ஸ்பேம்' கொடுத்து, அந்த முகவரியை கான்டாக்ட்டில் சேர்த்துவிட்டால் அடுத்த கடிதம் நேராக வர வாய்ப்பு அதிகம்.

ஒழுங்கான கடிதத்தை ஏன் இப்படிச் சந்தேகப்பட வேண்டும் என்று கோபம் வரலாம். பதில் கூடங்குளத்திலேயே இருக்கிறது.

2019 அக்டோபர் 29 அன்று, அணுமின் நிலையம் சைபர் தாக்குதலுக்கு உள்ளானதாகத் தகவல் பரவியபோது, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படாதவை, அவற்றைத் தாக்க முடியாது என்று நிலையத் தரப்பு அறிக்கை வெளியிட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தங்கள் கணினியில் மால்வேர் கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதி 'செர்ட்-இன்' அமைப்பு இதைக் கவனித்துத் தகவல் சொல்லியிருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனாளரின் கணினி. உலை சார்ந்த முக்கிய நெட்வொர்க் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றது அறிக்கை. அந்த மால்வேருக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'டிட்ராக்'. கீபோர்டில் தட்டுவதையும் பிரௌசர் வரலாற்றையும் உளவு பார்க்கக்கூடியது.

அது மெயில் வழியாக வந்தது என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் ஓர் அலுவலகக் கணினிக்குள் மால்வேர் நுழைய உலகம் முழுக்க அதிகம் பயன்படும் கதவுகளில் ஒன்று மெயில் அட்டாச்மென்ட். அதனால்தான் '.இஎக்ஸ்இ' ஃபைலை ஜிமெயில் உள்ளேயே விடுவதில்லை. பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலையும் முறைத்துப் பார்க்கிறது. பெரிய அலுவலகங்கள் இன்னும் கறார். சான்றிதழ்களை ஜிப் செய்து, பாஸ்வேர்டு போட்டு, பாஸ்வேர்டை அடுத்த மெயிலில் அனுப்புவது பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தால், இரண்டாவது மெயில் மட்டும் போய்ச் சேரும்!

உண்மையான கடிதம் ஸ்பேமுக்குப் போவது ஒரு பக்கம். போலிக் கடிதம் இன்பாக்ஸுக்கு வருவது மறுபக்கம். 'அணுமின் நிலையத்தில் வேலை உறுதி, டெபாசிட் கட்டுங்கள்' என்று வரும் மெயிலைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று இருக்கும். பழைய தபால் உறையில் ஊருக்கு ஊர் முத்திரை விழுந்திருக்குமே, அதுபோல மெயில் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் நேரத்தோடு முத்திரை குத்தியிருக்கும். மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். அனுப்பியவர் சொல்லும் முகவரி நிஜம்தானா என்பதற்கான சோதனைகள் அவை. 'ஃபெயில்' என்று இருந்தால் உஷாராகிவிட வேண்டும். 'பாஸ்' என்று இருந்தாலும், அட் குறிக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் சொந்தப் பெயரா, வெறும் ஜிமெயிலா என்று பார்க்க வேண்டும். மோசடிக்காரரின் ஜிமெயிலும் சோதனையில் பாஸ்தான் ஆகும். பணம் கேட்டாலே அது வேலைக் கடிதம் அல்ல. கட்டிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

மெயில் தாமதமாக வந்தாலும் இதே முத்திரைகள் உதவும். எந்த இரண்டு முத்திரைகளுக்கு இடையே மணிக்கணக்கில் இடைவெளி இருக்கிறதோ, மெயில் தூங்கியது அங்கேதான்.

கடை, சிறு நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். பழைய அவுட்லுக் அல்லது ஸ்கேனரிலிருந்து ஜிமெயில் போகவில்லையா? 2022 மே 30-க்குப் பிறகு, வெறும் பாஸ்வேர்டை மட்டும் கேட்கும் பழைய ஆப்களை கூகுள் ஏற்பதில்லை. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து 'ஆப் பாஸ்வேர்டு' எடுத்துப் போட வேண்டும். கம்ப்யூட்டரில் பார்த்த மெயில் போனில் காணவில்லையா? கம்ப்யூட்டரில் 'பாப்' முறை போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கடிதங்களை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடக்கூடியது. 'ஐமேப்' முறைக்கு மாற்றினால் சரியாகும்.

பொதுக் கம்ப்யூட்டரில் லாக்-அவுட் செய்யாமல் எழுந்து வந்தவர்கள், செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்ஸ்' இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கணக்குக்குள் நுழைந்த யாரோ, வரும் கடிதங்களைத் தங்கள் முகவரிக்குத் திருப்பி, இங்கே அழித்துவிடும்படி அமைத்திருக்கலாம். தெரியாத முகவரி அங்கே இருந்தால் நீக்கிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேற வேண்டும்.

எல்லாம் பார்த்தும் வரவில்லையா? கடைசித் தேதிக்கு முன்பே நிறுவனத்தின் இணையதளத்தில் லாகின் செய்து பார்க்கலாம். ஹால் டிக்கெட் பல நேரங்களில் அங்கேயே டவுன்லோடுக்கு இருக்கும். இல்லையென்றால், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, அறிவிப்பில் உள்ள தொலைபேசி எண்ணில் கேட்கலாம். 'எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள், திரும்பி வந்ததா?' என்ற மூன்று கேள்விகள் போதும். முகவரியை அவர்கள் எழுத்து எழுத்தாக வாசிக்கும்போது, விண்ணப்பத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும்.