லாண்டூரின் பொது ஆலயம்

சென்ற கோடையில் முசூரி சென்றிருந்தபோது, அதனை அடுத்த லாண்டூர் மலையில் கெல்லாக் நினைவு ஆலயத்தைக் கண்டோம். சாமுவேல் கெல்லாக் அமெரிக்கப் பாதிரியார்; 1876-இல் இந்திக்குப் பெரியதோர் இலக்கண நூல் வெளியிட்டவர்; 1899-இல் லாண்டூரிலேயே காலமானார். அவர் நினைவாக 1903-இல் எழுந்த இவ்வாலயம், சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சி மலையேறிய பல சபைப் பாதிரிமாருக்கும் பொதுவாயிற்று. புதிதாக வந்தோர்க்கு இந்தி கற்பிக்கும் லாண்டூர் மொழிப் பள்ளியும் இக்கட்டிடத்திலேயே நடைபெறுகிறது.

பிறந்த நாட்டில் தனித்தனியே கோயில் கண்டவர்கள், வந்த இடத்தில் ஒரே கூரையின்கீழ்த் தொழுதனர். ஒரே பலகையில் அமர்ந்து ஊராரின் மொழியைப் பயின்றனர்.

நாமோ? பிழைப்பை நாடி வடக்கே வந்தோம். சங்கம் ஒன்றே, ஆயினும் பொங்கல் விழா இரண்டு! இருபது ஆண்டுகள் கழிந்தும் அண்டை வீட்டாருடன் நாம் பேசுவதோ பத்துச் சொற்கள். தமிழை வீட்டில் காப்போம். ஊர்மொழியைப் பிழையறக் கற்போம். பூசல் எதுவாயினும் பின்னர்ப் பேசித் தீர்க்கலாம். வரும் பொங்கலுக்கேனும் சங்கக் கூடத்தில் அனைவரும் ஒரே பந்தியில் அமர்வோமாக.