ரகசிய மேப்!

எக்ஸாம் ஹாலில் கிளார்க்ஸ் டேபிள் வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுப்பீங்கதானே? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்களிலும் அதே கதை!

கடல் மேப் எல்லாம் தோலில் கையால் வரைந்தவை. ஊர் திரும்பியதும் ஒப்படைச்சிடணும். 1617 முதல் மேப் பொறுப்பு ஹெஸ்ஸல் கெரிட்ஸிடம். மாலுமிகளின் குறிப்பேடுகளைப் பார்த்து, புதுக் கரைகளைச் சேர்ப்பார். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை இப்படித்தான் துண்டு துண்டாக மேப் ஏறியது. பார்த்த கரைக்குத்தான் கோடு. மற்றதெல்லாம் வெறும் இடம். நேர்மையான மனுஷன்!

ஆம்ஸ்டர்டாமில் அச்சகத்துக்கா பஞ்சம்? அச்சடித்தால் போட்டிக்காரன் கைக்குப் போயிடுமே!

மேப் இருந்தும் ஆபத்து தீரலை. 1619-லேயே டச்சுக்காரர்கள் பார்த்துவிட்ட பாறைத் திட்டில்தான் 1629-ல் 'பட்டாவியா' கப்பல் மோதி உடைந்தது. கிழக்கே எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு நடுக்கடலில் துல்லியமாகச் சொல்ல அப்போ வழியே இல்லை.

அந்த ஆசியக் கடல் மேப்கள் அச்சேறியது எப்போ தெரியுமா? 1753-ல்!