பார்வோன் கணக்கும் படமுதலாளி கணக்கும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் காலனிகளிலும் கோவில் திடல்களிலும் வேதாகமப் படம் காட்டுவது புதிய செய்தியல்ல. இரண்டு மூங்கிலை நட்டு ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் போதும், கொட்டகை தயார். பகலெல்லாம் கரும்பு வெட்டியவரும், நாற்று நட்டவரும், ஷிப்டு முடிந்து வந்த ஆலைத் தொழிலாளியும் பிள்ளைகுட்டிகளோடு தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இப்போது டெலிவிஷனிலும் கைபேசியிலும் அதே படங்கள் தமிழ் பேசி வருகின்றன. "வேதத்தில் உள்ளதை உள்ளபடியே எடுத்த படம்" என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள்.

உள்ளபடியேதான் எடுத்தார்களா?

இதைக் கேட்க கம்யூனிஸ்டுப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். வேலை இருக்கிறது. படம் பார்ப்பவர்கள் நம்மவர்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டும் கையாலேயே ஞாயிற்றுக்கிழமை வேதப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லும் தோழர்கள் திண்டிவனத்தைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கேலி செய்வது நமது வேலையல்ல. ஏங்கெல்ஸ் 1894-ல் ஆதி கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதும்போது, அது அடிமைகளும் ஏழைகளும் சேர்ந்த இயக்கம் என்று கண்டு, நவீனத் தொழிலாளர் இயக்கத்தோடு அதை ஒப்பிட்டார். அந்த இயக்கத்தின் கதையைப் பணம் படைத்தவர்கள் சினிமாவாக எடுக்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க நமக்கு முழு உரிமையுண்டு.

எல்லாரும் அறிந்த 'பத்துக் கட்டளைகள்' படத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஹாலிவுட்டில் செசில் பி. டெமில் 1956-ல் வெளியிட்டது. மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடும். மோசேயாக சார்ல்டன் ஹெஸ்டன், பார்வோனாக யூல் பிரின்னர். கடல் பிளக்கும் காட்சியை இன்றைக்கும் வாய்பிளந்து பார்க்கலாம். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் வேதத்தில் மோசேயின் குழந்தைப் பருவம் முடிந்ததும் அடுத்த வசனத்திலேயே அவர் வளர்ந்த ஆள். தம் சகோதரர் சுமக்கும் சுமைகளைப் பார்க்கப் போகிறார். நடுவில் என்ன நடந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. டெமில் அந்த இடைவெளிக்குள் அரண்மனைக் காதலையும், இரண்டு இளவரசர்களின் போட்டியையும், நகரம் கட்டும் ஆடம்பரத்தையும் கொண்டுவந்து நிரப்பினார். பல நாவல்களிலிருந்து எடுத்த சரக்கு அது. படத்தின் தொடக்கத்திலேயே அந்த நாவலாசிரியர்களின் பெயர்களைப் போட்டிருக்கிறார்கள்.

கற்பனை சேர்த்தது குற்றமென்று நாம் சொல்லவில்லை. எந்தக் கற்பனை என்பதுதான் கேள்வி. படத்தில் இளவரசன் மோசே ஒரு நல்ல மேஸ்திரி! அடிமைகளுக்குக் கோவில் களஞ்சியத்திலிருந்து தானியம் எடுத்துக் கொடுக்கிறான். வாரத்தில் ஒருநாள் ஓய்வு தருகிறான். ராஜா ஏன் என்று கேட்டால், வயிறு நிறைந்தவன்தான் கல் அதிகம் செய்வான், செத்தவன் ஒன்றும் செய்யமாட்டான் என்று கணக்குச் சொல்கிறான். ராஜாவும் மகிழ்ந்துபோகிறான். வேதத்தைப் புரட்டிப் பாருங்கள், இந்த நல்ல மேஸ்திரி எங்கும் கிடையாது. இது எந்த ஆகமத்திலிருந்து வந்தது? 'கொஞ்சம் தாராளமாக இருந்தால் உற்பத்தி பெருகும், தொழிலாளியும் வாய் திறக்கமாட்டான்' என்கிற முதலாளிமார் ஆகமத்திலிருந்து வந்தது!

நமது அரிச்சந்திரன் கதையும் இதே மாதிரிதான். மன்னன் சுடுகாடு காத்ததற்கு விடிய விடியக் கூத்திலும் கொட்டகையிலும் அழுதோம். முடிவில் மன்னன் அரண்மனைக்குத் திரும்பிவிட்டான். வெட்டியான் இன்னும் சுடுகாட்டில்தான் இருக்கிறான்.

வேதத்தில் உள்ள செங்கல் கதை என்ன? யாத்திராகமம் 5-ம் அதிகாரம். (1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இதே புத்தகத்துக்கு 'விடுதலைப் பயணம்' என்று பெயர். யாத்திரை என்றால் காசிக்குப் போவதுபோல் இருக்கிறது. விடுதலைப் பயணம் என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.) மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் போய் மூன்றுநாள் விடுப்புக் கேட்கிறார்கள். திருவிழா கொண்டாட வேண்டும், அவ்வளவுதான். பார்வோன் என்ன செய்கிறான்? அன்றைக்கே உத்தரவு போடுகிறான். இதுவரை கொடுத்துவந்த வைக்கோல் இனிமேல் கிடையாது, அவர்களே பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் கல் கணக்கில் ஒன்றுகூடக் குறையக்கூடாது. ஜனங்கள் தேசமெங்கும் தாளடி பொறுக்க ஓடுகிறார்கள். கணக்குக் குறைகிறது. ஜனங்களுக்குள்ளிருந்தே நியமித்த தலைவர்களுக்கு அடி விழுகிறது. அவர்கள் நேரே பார்வோனிடம் போய், வைக்கோலும் தராமல் கல்லும் கேட்டு அடிக்கவும் செய்கிறீரே, குற்றம் உம்முடைய ஆட்களுடையது அல்லவா என்று முறையிடுகிறார்கள். பார்வோனிடமிருந்து வந்த பதில், நீங்கள் சோம்பேறிகள் என்பதுதான்.

ஆலைத் தோழர்களுக்கு இந்தப் பதிலை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? சட்டப்படி உள்ள 8.33 சதவீத போனஸுக்குமேல் ஒரு காசு கேட்டால் நிர்வாகம் சொல்லும் முதல் வார்த்தை அதுதானே?

சூளைக்குப் போய்வந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இருளர் குடும்பங்களும் காலனிக் குடும்பங்களும் முன்பணம் வாங்கிக்கொண்டு ரெட்ஹில்ஸ் பக்கத்துச் சூளைகளுக்குக் கல் அறுக்கப் போவது எத்தனை வருஷமாக நடக்கிறது! கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. மழையில் கரைந்த கல் யார் கணக்கு? கூலிக்காரன் கணக்கு. குழந்தையும் மண் மிதித்தால்தான் எண்ணிக்கை சேரும். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் முன்பணம் தீர்ந்திருக்காது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அதற்குப் பிறகும் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் அதிகாரிகள் போய்க் குடும்பம் குடும்பமாக மீட்டு வந்த செய்திகள் நின்றபாடில்லை.

இந்தச் செங்கல் அதிகாரந்தான் கதையின் நெஞ்சு. டெமில் படத்தில் வைக்கோல் நிறுத்திய உத்தரவு வராமலில்லை, வருகிறது. ஆனால் ரதத்துக்கும் அரண்மனைக்கும் செலவழித்த நேரத்தில் சிறு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. முதல் அதிகாரத்தில் வரும் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் என்ன ஆனார்கள்? ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிடு என்ற ராஜ உத்தரவை மீறி, கேட்டபோது சாமர்த்தியமாகப் பதிலும் சொல்லித் தப்பிய ஏழைப் பெண்கள் அவர்கள். வேதம் அந்தப் பார்வோன் பெயரைச் சொல்லவில்லை. இவர்கள் பெயரைச் சொல்கிறது! படத்தில் பார்வோன்களுக்கெல்லாம் பெயர் உண்டு, மருத்துவச்சிகளுக்கு இடமே இல்லை.

இன்னொன்று. வேதத்தில் தாத்தான் என்பவன் வனாந்தரத்தில் மோசேயின் தலைமையை எதிர்த்துக் கேள்வி கேட்டுக் கலகம் செய்தவர்களில் ஒருவன். படத்திலோ அவன் எகிப்தியருக்குக் காட்டிக்கொடுக்கும் கங்காணி. தலைவரை எதிர்த்துக் கேட்டவனை முதலாளியின் கையாளாக மாற்றிவிட்டார்கள்! பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் லேவியர் பட்டயம் எடுத்து ஏறக்குறைய மூவாயிரம் பேரைத் தம் ஜனத்துக்குள்ளேயே வெட்டினார்கள் என்று வேதம் ஒளிக்காமல் சொல்கிறது. படம் அதை ஒளித்துவிட்டு, பூமியைப் பிளந்து பாவிகளை விழுங்கச் செய்கிறது. பக்தர்கள் மனம் நோகக்கூடாதல்லவா?

இவ்வளவையும் செய்த டெமில் யார்? 1944-ல் கலிபோர்னியாவில் தொழிற்சங்கங்களின் உரிமையை வெட்டும் ஒரு மசோதா மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அதை எதிர்க்க ரேடியோ கலைஞர் சங்கம் உறுப்பினருக்கு ஒரு டாலர் வசூலித்தது. டெமில் கொடுக்க மறுத்தார். ஒரு டாலருக்காகத் தமது புகழ்பெற்ற ரேடியோ நிகழ்ச்சியையே 1945-ல் இழந்தார். அதன்பின் சங்க எதிர்ப்புப் பிரசாரத்துக்கென்றே ஒரு ஸ்தாபனம் வைத்து நடத்தினார். கொள்கைப் பிடிப்பு என்றால் அதுதான் கொள்கைப் பிடிப்பு! அந்த மனிதர் உலகத்தின் மிகப் பழைய செங்கல் தொழிலாளர் தகராறைப் படமெடுத்தார். படம் தொடங்குமுன் திரைக்கு முன்னால் தாமே வந்து நின்று, மனிதன் அரசின் சொத்தா, கடவுளின் கீழ் சுதந்திரனா என்று கேட்டார். பனிப்போர் நடந்த காலம். பார்வோன் வேஷம் யாருக்குப் போடப்பட்டது என்று அன்று பார்த்த எவருக்கும் விளங்கியிருக்கும். வைக்கோல் கொடுக்காதவன் நிலத்துக்கும் சூளைக்கும் சொந்தக்காரன் என்பது மட்டும் விளங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

மெல் கிப்சன் 2004-ல் எடுத்த கிறிஸ்து பாடுகளின் படம் வேறு தினுசு. பேச்செல்லாம் அராமிக், லத்தீன் மொழியில். மொழியில்கூட உண்மையாம்! சுவிசேஷங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் கசையடியைப் படம் நிமிஷக்கணக்கில் தோலுரித்துக் காட்டுகிறது. பல காட்சிகள் ஒரு ஜெர்மன் கன்னியாஸ்திரீயின் தரிசனப் புத்தகத்திலிருந்து வந்தவை. அடி தெரிகிறது, எதற்காக அடித்தார்கள் என்பது தெரியவில்லை. போலீஸ் தடியடியை மட்டும் காட்டிவிட்டு வேலைநிறுத்தக் கோரிக்கையைச் சொல்லாமல் விட்ட செய்தியைப் போன்றது.

நம் ஊர்த் திடல்களுக்கு அதிகம் வருவது 1979-ல் எடுத்த 'இயேசு' படம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தையே வசனமாக வைத்துக்கொண்டது. அந்த மட்டில் நேர்மையானது என்று ஒப்புக்கொள்கிறோம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளில் பேசவைத்து ஏழை நாடுகளிலெல்லாம் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டெக்ஸாஸ் எண்ணெய்க் கோடீசுவரர் நெல்சன் பங்க்கர் ஹண்ட். படம் வந்த அதே சமயத்தில் அவரும் அவர் சகோதரரும் உலகத்து வெள்ளியையெல்லாம் வாங்கிப் பதுக்கி விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1980 மார்ச்சில் அந்தச் சூதாட்டம் கவிழ்ந்தது. லூக்கா 12-ம் அதிகாரத்தில் களஞ்சியத்தை இடித்து இன்னும் பெரிய களஞ்சியம் கட்ட நினைத்த பணக்காரனின் உவமை இருக்கிறது. ஹண்ட் அதைப் படிக்காமலா இருந்திருப்பார்?

தென்னாட்டிலும் முயற்சிகள் உண்டு. 'பாவமன்னிப்பு', 'பாசமலர்' எடுத்த ஏ. பீம்சிங் கடைசியாகச் செய்தவற்றுள் ஒன்று, விஜயசந்தர் இயேசுவாக நடித்த தெலுங்குப் படம் 'கருணாமயுடு'. 1978-ல் அது வெளிவரும்போது பீம்சிங் உயிரோடு இல்லை. அதையும் பல மொழிகளில் பேசவைத்துக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள்.

எல்லாப் படத்திலும் ஒரு காட்சி உண்டு, கடைசி இராப்போஜனம். ஒரே பந்தி, ஒரே அப்பம். அந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்த நமது மண்ணில் என்ன நடந்தது? அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள எறையூரில், ஒரே மாதாவை வணங்குகிறவர்களுக்குள் சாதிக்கு ஒரு நியாயம் என்றிருந்தது. 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் மீது தாக்குதல் நடந்தது. போலீஸ் சுட்டது. செத்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அடி வாங்கியவரும் குண்டு வாங்கியவரும் காட்டில் கழனியில் பாடுபடும் குடும்பத்துப் பிள்ளைகளே. திரையில் வேதத்தை ஒரு எழுத்து மாறாமல் காட்டியும், துணியைச் சுருட்டியபின் பந்தி இரண்டாகத்தான் இருந்தது.

அப்படியானால் உண்மையாக எடுத்த படமே கிடையாதா? உண்டு. எடுத்தவர் இத்தாலிக்காரர் பியர் பாவ்லோ பசோலினி. நாத்திகர், மார்க்சியவாதி. 1949-ல் கட்சி அவரை வெளியேற்றியது. அதற்குப் பிறகும் அவர் அந்தக் கொள்கையை விடவில்லை. 1964-ல் 'மத்தேயுவின் சுவிசேஷம்' என்ற அவருடைய கறுப்பு-வெள்ளைப் படம் வந்தது. சிலவற்றை விட்டிருக்கிறார், சில இடத்தில் வரிசையை மாற்றியிருக்கிறார். ஆனால் பேச்செல்லாம் மத்தேயு எழுதியதுதான். பாலஸ்தீனத்துக்குப் போய் இடம் பார்த்தார், பிடிக்கவில்லை. இத்தாலியின் தெற்கே, குகை வீடுகளில் ஏழைகள் குடியிருந்த மட்டேரா பகுதியில் படமெடுத்தார். இயேசுவாக நின்றவர் 19 வயது ஸ்பானிய மாணவர், பிராங்கோ ஆட்சியை எதிர்த்தவர். மற்றவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்துக் குடியானவர்கள், கூலிகள். வெயிலில் கறுத்த முகம், விழுந்த பல், கிழிந்த சட்டை. திண்டிவனம் சந்தையில் நாம் பார்க்கிற முகங்கள்! சுமக்க முடியாத சுமையைப் பிறர் தோளில் வைத்துவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் தொடமாட்டார்கள் என்று வேதபாரகரை இயேசு சாடும் 23-ம் அதிகாரம் அந்தப் படத்தில் முழுக் கோபத்தோடு வருகிறது. 2014-ல் வாத்திகன் பத்திரிகையே, இயேசுவைப் பற்றிய படங்களில் இதுதான் சிறந்தது என்று எழுதியது.

படம் இரண்டேகால் மணி நேரம். இத்தாலிய மொழி. அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. பேசாப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொல்லுவார். நமது தாத்தாக்கள் அப்படித்தான் படம் பார்த்தார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள வாலிபத் தோழர்கள் ஒரு வெள்ளைத் துணிக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்யட்டும். மத்தேயுவைத் தமிழில் நிறுத்தி வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். காலனி வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டு தெருவுக்கும் பொதுவான திடலாகப் பார்த்துத் துணியைக் கட்டுங்கள்.