படம் மட்டும் போதுமா?

"படம் வரைந்தாயிற்று, இனி எழுத்து எதற்கு?" என்று சரவணம்பட்டிப் பக்கம் மென்பொருள் எழுதும் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். பம்ப், தறி, நூற்பு இயந்திரம் என்று கோவையில் செய்கிற பலவற்றுக்குள்ளும் இன்று ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. அது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் சொல்லிவிடலாம் என்பது அவர்கள் கட்சி. நான் ஒப்பமாட்டேன்.

தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரையே எடுத்துக்கொள்வோம். விவசாயி கேட்பது ஒரே வரி: "கரண்ட் வந்தா மோட்டார் தானா ஓடோணுமுங்க." படமாக்கினால் இரண்டு கட்டம், ஒரு அம்பு. ஆனால் மூன்று ஃபேஸில் ஒன்று வராவிட்டால்? காயில் கருகும். கிணறு வற்றியிருந்தால்? ஊற்று ஊற எத்தனை நிமிடம் காத்திருப்பது? மோட்டாரைப் பழுது பார்க்க ஆள் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும்போது கரண்ட் வந்தால்?

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இஸ்ரேலில் போர் விமானப் பொறியாளர்கள் தடித்தடியான ஆவணங்களோடு திணறியதைப் பார்த்துத்தான் டேவிட் ஹேரல் 'ஸ்டேட்சார்ட்' முறையை உருவாக்கினார். 1987இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அருமையான கருவி. ஆனால் வரைந்த நிலைகளுக்கு இடையே உள்ள ஓட்டையைத்தான் படம் காட்டும்; வரையவே மறந்த நிலையைக் காட்டாது. அதைச் சொல்ல தோட்டத்துக்காரரும் மெக்கானிக்கும் வேண்டும். அவர்களிடம் அம்புக்குறியை நீட்டிப் பயனில்லை.

மறந்ததன் விலை சின்னதல்ல. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4இன் மென்பொருளை எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதை விவரம் வழிகாட்டும் கருவிக்கான தேவைக் குறிப்பில் இல்லை.

2009இல் ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் 'ஈயர்ஸ்' என்ற வாக்கிய முறையை வெளியிட்டார்கள். நிபந்தனை முன்னால், செயல் பின்னால். தமிழின் இயல்பே அதுதானே! "ஆட்டோ சுவிட்ச் போட்டிருந்து, மூன்று ஃபேஸும் சரியாக இருந்தால், கரண்ட் வந்து 2 நிமிடம் கழித்து ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்ட வேண்டும்." இதை வாசித்துக் காட்டினால் மெக்கானிக் உடனே கேட்பார்: "நான் கெணத்துல இருக்கறப்ப வேறொருத்தர் ஆட்டோவைப் போட்டுட்டா?" அந்தக் கேள்விக்காகத்தான் எழுத்து.

ஆகவே தம்பிகளே, படம் வரையுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு தமிழ் வாக்கியமும் எழுதுங்கள். கிணற்றுக்குள் இறங்குகிறவருக்கு அதை வாசித்துப் பார்க்கும் உரிமை உண்டு.