ஈற்றுக்காலத் தாதியர்

மகன் டாக்டராகவேண்டும் என விரும்பும் யாழ்ப்பாணத்தில், தாதியாகவேண்டும் என்பார் எத்தனை பேர்? கலியாணப் பேச்சிலும் அத்தொழில் எடுபடுவதில்லை! 1967இல் இலண்டனில், மாறா நோயினருக்கென சென். கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதியே, 1957இலேயே மருத்துவரானார். நோவு மீண்டெழுமுன்னரே, நேரந் தவறாது மோர்பின் கொடுத்தல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். அதனைக் கொடுப்பவர் தாதியரன்றோ? உலர்ந்த நாவை நனைத்தல், படுக்கைப்புண் தோன்றாவண்ணம் புரட்டிக் கிடத்துதல், உறவினர் வாய்விட்டுச் சொல்லாத அச்சத்தையும் உணர்தல் ஆகிய இவையெல்லாம் இரக்கத்தால் மட்டும் வாரா, பயின்றே வருவன. தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து பொருள் திரட்டினர். கட்டிடத்துக்கு ஈந்த கைகள் தாதியர் பயிற்சிக்கும் ஈதல் வேண்டும். நம் பழைய மாணவர் ஆண்டுதோறும் ஓர் உபகாரச் சம்பளம் அளிப்பின், இக்கல்லூரி மாணவருள் ஒருவரேனும் இப்பணிக்கு முன்வருவர் என நம்புகிறோம்.